பண்ணை வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் டெலிவிஷனைத் திறந்தால் வீடு வாங்கச் சொல்லும் நிகழ்ச்சிதான். சினிமாவிலும் நாடகத்திலும் தெரிந்த முகம் ஒன்று வந்து நிற்கிறது. பின்னால் மாந்தோப்பு, புல்தரை, சிவப்பு ஓடு வேய்ந்த வீடு. நகரத்துப் புகையை விட்டு வாருங்கள், வாரம் இரண்டு நாள் கிராமத்துக் காற்றை அனுபவியுங்கள் என்று அழைக்கிறார்கள். ஒரு தம்பதி வந்து பார்க்கிறார்கள். சமையலறை கொஞ்சம் சிறிது என்கிறார்கள். அடுத்த வீட்டைப் பார்க்கிறார்கள். விலை லட்சங்களைத் தாண்டிக் கோடியில் நிற்கிறது. அவர்கள் முகத்தில் கவலையின் நிழல்கூட இல்லை.

பாலக்கோட்டில் வெயிலேறத் தக்காளி பறித்துவிட்டு வந்த தாய்மார்களும், இரவு ஷிப்டு முடித்து வந்த ஆலைத் தொழிலாளியும் இதைப் பார்க்கிறார்கள். அவர்கள் மனத்தில் எழும் கேள்வி நியாயமானது. இவர்களும் மனிதர்கள், நாமும் மனிதர்கள். நாமும் ஓயாமல் உழைக்கிறோம். இவர்களுக்கு மட்டும் இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது?

டெலிவிஷன் இதற்குப் பதில் சொல்லாது. நாம் சொல்ல வேண்டும்.

கூலியால் முடியுமா?

முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு மத்திய சர்க்கார் அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். நூறு நாள் அல்ல, வருஷத்தில் 300 நாள் இந்தக் கூலி கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். ஒரு வேளைக் கஞ்சிகூடக் குடிக்காமல், ஒரு பைசா செலவழிக்காமல் அத்தனையையும் சேர்த்தால் வருஷத்துக்கு 1,00,800 ரூபாய். ஒரு கோடி ரூபாய் வீட்டை வாங்க 99 ஆண்டுகள் ஆகும். மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஆலைத் தொழிலாளி அதேபோல் பட்டினி கிடந்து சேர்த்தால் 55 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

எனவே, நன்றாக உழைத்து, சிக்கனமாக இருந்து, புத்திசாலித்தனமாகச் சேமித்து அவர்கள் வாங்கினார்கள் என்ற கதை நம்மிடம் செல்லாது. உழைப்பும் சிக்கனமும்தான் வழி என்றால் முதல் பண்ணை வீடு களையெடுக்கும் பெண்ணுக்கல்லவா கிடைத்திருக்க வேண்டும்!

சீமையில் நடப்பது

இந்த வகை நிகழ்ச்சிகள் மேல்நாட்டில் பிறந்தவை. பிரிட்டிஷ் பி.பி.சி.யில் 2002 முதல் ‘எஸ்கேப் டு த கன்ட்ரி’ என்ற நிகழ்ச்சி வருகிறது. நகரத்தை விட்டுக் கிராமத்துக்குத் தப்பிப் போவது என்று பொருள். வருகிறவர்களில் பலர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், அல்லது ஓய்வை நெருங்கியவர்கள். பல லட்சம் பவுன் கையில் வைத்துக்கொண்டு வீடு பார்க்கிறார்கள். அது சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் அல்ல. பல ஆண்டுகளுக்கு முன் நகரத்தில் குறைந்த விலைக்கு வாங்கிய வீட்டை இன்றைய விலைக்கு விற்ற பணம். இங்கிலாந்தில் 1997ல் நடுத்தரமான ஒரு வீட்டின் விலை, நடுத்தரமான ஓர் ஊழியரின் ஒரு வருஷச் சம்பளத்தைப்போல் சுமார் மூன்றரை மடங்கு. 2021ல் அது ஒன்பது மடங்காயிற்று. முன்பே வாங்கியவன் தூங்கிக்கொண்டிருந்தபோதே பணக்காரனானான். பின்னால் பிறந்தவன் வாடகை கட்டியே தேய்கிறான். குடியிருந்த சொந்த வீட்டை விற்ற லாபத்துக்கு அங்கே பொதுவாக வரியும் இல்லை.

அமெரிக்காவில் இதுபோன்ற ஒரு நிகழ்ச்சியின் பெயர் ‘ஹவுஸ் ஹன்டர்ஸ்’. மூன்று வீட்டைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக அதில் காட்டுவார்கள். அதில் பங்கெடுத்த ஒரு பெண்மணி, தாம் வீட்டை ஏற்கெனவே வாங்க முடிவு செய்த பிறகுதான் தம்மைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று 2012ல் வெளியே சொன்னார். வாங்கும் வேலையில் ஏற்கெனவே வெகுதூரம் சென்றவர்களையே தேர்ந்தெடுப்பதாக நிறுவனமும் ஒப்புக்கொண்டது. வீடு தேடுவதே நாடகம் என்றால், அதற்குரிய பணத்தின் கதையை மட்டும் உள்ளபடி காட்டிவிடுவார்களா?

நம் நாட்டில் நடப்பது

நம் நாட்டிலும் வழி அதேதான். பெங்களூரில் ஒருவர் 1995ல் 5 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இன்று 2 கோடிக்கு விற்கிறார். அந்த வீட்டுக்கு அவர் என்ன செய்தார்? சுண்ணாம்பு அடித்திருப்பார், குழாயை மாற்றியிருப்பார். மற்றபடி விலையை உயர்த்தியது எது? ஊர் உயர்த்தியது. ரோடு போட்டவர்கள், ரயில் பாதை அமைத்தவர்கள், மின் கம்பம் நட்டவர்கள், தொழிற்சாலைகளில் உழைத்தவர்கள் உயர்த்தினார்கள். அந்தக் கட்டிடங்களுக்குக் கலவை சுமந்தவர்களில் தருமபுரி மாவட்டத்து ஜனங்கள் எத்தனை ஆயிரம் பேர்! உழைத்தவர்கள் தகரக் கொட்டகையில் படுத்தார்கள். உயர்ந்த விலையோ பத்திரத்தில் பெயர் உள்ளவரின் பைக்குப் போயிற்று.

நம் பக்கத்திலும் இதுதான் நடக்கிறது. 1970களில் ஓசூருக்குச் சிப்காட் வந்தது. ஓசூரிலிருந்து பாலக்கோடு வழியாகத் தருமபுரிக்கு நான்குவழிச் சாலை போடப்பட்டது. சாலைக்குப் பணம் பொதுமக்களின் வரிப்பணம். சாலை ஓரத்து நிலத்தின் விலையேற்றம் மட்டும் தனி ஆளின் சொத்து. சாலை வரப்போகிறது என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்தவன் வாங்குகிறான். மழையும் இல்லாமல், தக்காளிக்கு விலையும் இல்லாமல் கடனில் முழுகிய சிறு விவசாயி விற்கிறான்.

சர்க்கார் யார் பக்கம்?

இந்த உழைக்காத லாபத்துக்குச் சர்க்கார் செய்யும் உபசாரத்தைப் பாருங்கள். பழைய வீட்டை விற்ற லாபத்தை உரிய காலத்துக்குள் இன்னொரு வீட்டில் போட்டால் அதற்கு வருமான வரி கிடையாது. இந்தச் சலுகைக்கு உச்சவரம்பு வைக்கவே 2023ஆம் ஆண்டு பட்ஜெட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வைத்த வரம்பு எவ்வளவு? பத்துக் கோடி ரூபாய்! நகர எல்லைக்கு அப்பால் உள்ள கிராமத்து விவசாய நிலத்தை விற்ற லாபத்துக்கு இந்த வரியே கிடையாது. சிறு விவசாயிக்கு அந்தச் சலுகை வேண்டியதுதான். ஆனால் ஏர்க்கால் பிடித்தறியாத நிலத் தரகனும் அதே குடையின் கீழ் ஒதுங்குகிறான். மற்றபடி, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த நிலத்தையும் கட்டிடத்தையும் விற்ற லாபத்துக்கு 2024 ஜூலை முதல் வரி பன்னிரண்டரை சதவீதம். உயர்ந்த சம்பளக்காரருக்கோ மேல்படி வரி 30 சதவீதம். உழைத்துச் சம்பாதித்தால் அதிக வரி, உட்கார்ந்து சம்பாதித்தால் குறைந்த வரி! செருப்புக்கும் சோப்புக்கும் ஜி.எஸ்.டி. கட்டும் கூலிக்காரனுக்கு இப்படி ஏதாவது ஒரு சலுகை உண்டா?

தகப்பன் சொத்து பிள்ளைக்குப் போகும்போதும் இதே கதை. 1953ல் இந்நாட்டில் எஸ்டேட் வரிச் சட்டம் வந்தது. பெரிய சொத்துக்காரர் இறந்தால் வாரிசுக்குப் போகும் சொத்தில் ஒரு பங்கு சர்க்காருக்கு வர வேண்டும் என்றது அது. 1985ல் ராஜீவ் காந்தி சர்க்கார் அதை எடுத்துவிட்டது. 1957ல் வந்த சொத்து வரியை 2015ஆம் ஆண்டு பட்ஜெட்டில் மோடி சர்க்கார் எடுத்துவிட்டது. ஜப்பான் முதலாளித்துவ நாடுதான். அங்கே வாரிசுச் சொத்துக்கு 55 சதவீதம் வரை வரி உண்டு. இங்கே காங்கிரஸ் ஒரு கதவைத் திறந்தது, பா.ஜ.க. மறு கதவைத் திறந்தது. இரண்டும் பணக்காரர் வீட்டுக் கதவுகள்!

இவை சட்டத்துக்கு உட்பட்ட வழிகள். சட்டத்துக்குப் புறம்பான வழியும் ஒன்று உண்டு. பத்திரத்தில் எழுதுவது வழிகாட்டி மதிப்பு, கையில் மாறுவது வேறு தொகை. நடுவில் உள்ளது கறுப்புப் பணம். அது தங்குவதற்கு நிலத்தைப்போல் வசதியான இடம் வேறில்லை.

பழைய கதை, புதிய வேஷம்

நம் பாராமகாலுக்கு இது முற்றிலும் புதிதல்ல. 1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கும்பினி இந்தச் சீமையைப் பிடுங்கிக்கொண்டது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோவும் நிலவரி வசூலிக்க வந்தார்கள். மன்றோ தருமபுரியில் வீடும் தோட்டமுமாக வாழ்ந்தார். அந்தத் தோட்டத்தில் அவருக்கு மிகுந்த பிரியம். ஆனால் அவருடைய சம்பளம் ரயத்து கட்டிய கிஸ்தியிலிருந்து வந்தது. 1820களில் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் தோடர்கள் எருமை மேய்த்த உதகை மலையில் கல் பங்களா கட்டினார். துரைமார் குளிர்ந்த காற்று வாங்கிய செலவும் குடிமக்கள் தலையில்தான் விழுந்தது. அன்று கிஸ்தியாகப் போனது, இன்று நில விலையாகப் போகிறது.

எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம்

பொறாமையில் பேசுகிறீர்கள் என்று சிலர் சொல்வார்கள். பொறாமை அல்ல. முப்பது வருஷம் வேலை பார்த்த வாத்தியாரும், ஐ.டி. கம்பெனியில் இரவு பகலாகக் கண் விழிக்கும் இளைஞனும் கடன் வாங்கி ஒரு வீடு கட்டினால் அவர்கள் நம் எதிரிகள் அல்லர். 50 லட்சம் கடனை எட்டரை சதவீத வட்டிக்கு வாங்கி 20 ஆண்டுகளில் கட்டினால், மாதம் சுமார் 43,400 ரூபாய் ஆகிறது. மொத்தம் ஒரு கோடியே நான்கு லட்சம். வாங்கிய கடனைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்! அவர்களையும் பாங்கும் மனை வியாபாரியும் சேர்ந்து மொட்டையடிக்கிறார்கள். நம் சண்டை வீடு இல்லாதவனுக்கும் ஒரு வீடு உள்ளவனுக்கும் இடையே அல்ல. நிலத்தைச் சரக்காக்கி வாங்கி விற்கும் கூட்டத்தோடுதான் நம் சண்டை.

ஒரு எச்சரிக்கையும் தேவை. டெலிவிஷனைப் பார்த்துவிட்டு, மாதத் தவணையில் மனை என்ற பேச்சில் மயங்கிச் சீட்டுப் பணத்தையும் தாலிச் சங்கிலியையும் கொண்டு போய்க் கொட்டும் தொழிலாளர்கள் உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டும், பதிவு எண் விளம்பரத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். பண்ணை நிலம் என்று பெயர் சூட்டி இந்தச் சட்டத்துக்கு டிமிக்கி கொடுப்போரும் இருக்கிறார்கள். பதிவு எண், மனைப்பிரிவு அங்கீகாரம், வில்லங்கச் சான்று மூன்றையும் பார்க்காமல் அட்வான்ஸ் என்று ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். சங்கத் தோழர்களிடம் காகிதத்தைக் காட்டிக் கேளுங்கள்.

நம் கோரிக்கை

நிலத்துக்கு வேலி போட்டால் இழப்பு விற்றவனோடு முடிவதில்லை. தக்காளிக் காட்டில் நாற்று நட, களை எடுக்க, காய் பறிக்க, கூடை சுமக்க ஆள் வேண்டும். வார இறுதி வீட்டுக்கு ஒரு காவல்காரன் போதும். நிலத்தை விற்றவனுக்குப் பணமாவது கிடைத்தது. அதில் கூலி வேலை செய்தவளுக்கு என்ன கிடைத்தது? கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்க இருந்த தடையை 2020ல் நீக்கினார்கள். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட தடையே இல்லை. ஆகவே பெங்களூர்ப் பணமும் சென்னைப் பணமும் நம் மானாவாரிக் காட்டைத் தேடி வருகிறது.

மறுபுறம் ஏழையின் வீட்டைப் பாருங்கள். தமிழக சர்க்கார் 2024ல் அறிவித்த கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். உதவி வரவேற்கத் தக்கதே. ஆனால் வீடு கட்டக் கையில் மனை வேண்டும். மனைப்பட்டா இல்லாதவன் கனவில்தான் கட்ட வேண்டும்!

இந்த உரிமையை யாரும் தானமாகத் தந்ததில்லை. தஞ்சைத் தரணியில் கூலி கேட்டதற்காக 1968 டிசம்பர் 25ல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். செங்கொடியின் கீழ் நடந்த நீண்ட போராட்டங்களுக்குப் பிறகே, 1971ல் குடியிருப்பு மனைகளை விவசாயத் தொழிலாளிக்குச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. நில உச்சவரம்பை 30 ஸ்டாண்டர்டு ஏக்கராக வைத்த 1961ஆம் ஆண்டுச் சட்டம் 1970ல் 15 ஏக்கராகக் குறைக்கப்பட்டதும் உழவர்கள் போராடிய காலத்தில்தான்.

வீட்டுப் பிரச்னையைத் தனியாகப் பிரித்துத் தீர்க்க முடியாது, அது முதலாளித்துவ அமைப்போடு பிணைந்தது என்று ஏங்கல்ஸ் 1872லேயே விளக்கினார். அதற்காக அந்த அமைப்பு மாறும் வரை கைகட்டிக் காத்திருப்பது நம் வழி அல்ல. இன்றே கேட்க வேண்டியவை உள்ளன.

நிலமற்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெண்கள் பெயரில் மனைப்பட்டா வேண்டும். விவசாயம் செய்யாதோர் விளைநிலம் வாங்கிக் குவிப்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும். உச்சவரம்பை ஏமாற்றும் பினாமி நிலங்களைப் பிடித்து ஏழைகளுக்குப் பங்கிட வேண்டும். பெரும் வாரிசுச் சொத்துக்கும் பெருஞ்செல்வத்துக்கும் எடுத்துவிட்ட வரிகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பொதுப் பணத்தில் போட்ட சாலையால் ஏறிய நில விலையில் பொதுமக்களுக்குப் பங்கு வேண்டும்.

பாலக்கோடு வட்டத்தில் பட்டா இல்லாத குடும்பங்களின் பட்டியலை ஒவ்வொரு கிளையும் தயாரிக்கட்டும். ஆலைத் தோழர்களும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்து அதைத் தாலுகா ஆபீஸுக்கு எடுத்துச் செல்லட்டும். ரோடு போட்டதும் ஊரை வளர்த்ததும் நாம். அந்த ஊரில் குடியிருக்க ஒரு மனை கேட்பது பிச்சை அல்ல, நம் உழைப்பின் பாக்கி! பாக்கியை வசூலிக்க ஒன்று திரள்வோம்!