கோவையின் நிரலை ஒரே எடிட்டரிடம் அடகு வைக்காதீர்கள்

கோவையின் மென்பொருள் நிறுவனங்கள் எல்லாம் இந்த ஆண்டுக்குள் கர்சர் போன்ற ஏஐ எடிட்டர் ஒன்றுக்கு மொத்தமாக மாறிவிட வேண்டும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார் தொழில்நுட்ப ஆலோசகர் ஒருவர். வேலை இரட்டிப்பு வேகத்தில் முடியும், ஆளுக்கு மாதம் 20 டாலர்தான் செலவு, கல்லூரியிலிருந்து வரும் புதியவர்களை இனி எடுக்கத் தேவையில்லை என்று மூன்று காரணங்கள் சொல்கிறார். மூன்றும் பிழை. மூன்றாவது, பிழையோடு நிற்காமல் இந்த ஊருக்குத் தீங்கும் செய்வது.

முதலில் வேகம். வெற்றுக் கோப்பில் தொடங்கி அரை மணி நேரத்தில் ஒரு சிறு செயலியை எழுதிக் காட்டுவதுதான் அவருடைய ஆதாரம். சரவணம்பட்டியிலும் பீளமேட்டிலும் ஆயிரக்கணக்கானோர் தினமும் பார்க்கும் வேலை அதுவல்ல. பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும், பலர் கைபட்ட நிரலைப் புரிந்துகொண்டு, ஓரிடத்தைத் திருத்தும்போது இன்னோரிடம் உடையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. அத்தகைய நிரலில் ஏஐ என்ன செய்கிறது என்பதை மீட்டர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு அளந்து 2025 ஜூலையில் வெளியிட்டது. அனுபவமுள்ள 16 பேர், தாங்கள் நெடுநாளாகப் பங்களித்து வரும் திறந்த மூலத் திட்டங்களில் 246 வேலைகளைச் செய்தார்கள். ஏஐ பயன்படுத்தும்போது அவர்கள் பெரும்பாலும் கையில் எடுத்தது கர்சரைத்தான். ஏஐக்கு அனுமதி இருந்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. ஆனால் எல்லாம் முடிந்த பிறகும், 20 சதவீதம் நேரம் மிச்சமானதாகவே அவர்கள் நம்பினார்கள். அன்றைய கருவிகளைவிட இன்றையவை மேம்பட்டவை என்று ஆலோசகர் பதில் சொல்லலாம். இருக்கட்டும். கைதேர்ந்தவர்களே தங்கள் வேகத்தை இவ்வளவு தவறாகக் கணித்தார்கள் என்றால், வேகமாக இருந்ததாகத் தோன்றியது என்பதை ஆதாரமாகக் கொண்டு ஓர் ஊரின் தொழிலுக்கே வழி சொல்ல இவருக்கு என்ன உரிமை?

அடுத்து அந்த 20 டாலர். 2025 ஜூனில் கர்சர் தன் 20 டாலர் திட்டத்தின் கணக்கையே மாற்றியது. மாதம் 500 கோரிக்கைகள் என்ற வரம்பு போய், பயன்பாட்டைப் பொறுத்துக் கரையும் கணக்கு வந்தது. எதிர்பாராத தொகை பிடிக்கப்பட்டவர்கள் கொதித்தார்கள். ஜூலை 4 அன்று நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அதே மாதம் வின்ட்சர்ஃப் என்ற இன்னொரு ஏஐ எடிட்டருக்கு நேர்ந்ததையும் பாருங்கள். ஓப்பன்ஏஐ அதைச் சுமார் 300 கோடி டாலருக்கு வாங்குவதாக இருந்த பேரம் முறிந்தது. வின்ட்சர்ஃப் தலைவர் வருண் மோகனைக் கூகுள் அழைத்துக்கொண்டது. மிச்சமிருந்த நிறுவனத்தைக் காக்னிஷன் என்ற ஏஐ நிறுவனம் வாங்கியது. வெள்ளிக்கிழமைக்கும் திங்கள்கிழமைக்கும் இடையில் இவ்வளவும் நடந்தது. விலையும் உரிமையாளரும் இப்படி மாறும் சந்தையில் ஒரே கருவியை நம்பி மொத்தமாக மாறச் சொல்வது பொறுப்பற்ற ஆலோசனை.

ஆலோசகர் தொடாமலே விட்ட விஷயங்கள் இன்னும் கனமானவை. கர்சர், வின்ட்சர்ஃப் இரண்டும் மைக்ரோசாஃப்ட்டின் விஎஸ் கோடு எடிட்டரிலிருந்து கிளைத்தவை. மைக்ரோசாஃப்ட் தனியாக வெளியிடும் நீட்சிகள் சிலவற்றின் உரிமம் இந்தக் கிளைகளுக்குப் பொருந்தாது. 2025 ஏப்ரலில் சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளுக்கான மைக்ரோசாஃப்ட் நீட்சி இவற்றில் ஓடாமல் போனது. மாற்று நீட்சிகள் உண்டு. ஆனால் மாற்றும் உழைப்பு யாருடையது? பம்புசெட், நூற்பு இயந்திரம், வாகன மின்னணு ஆகியவற்றுக்கு நிரல் எழுதும் ஊர் இது. இங்கே சி மொழி அன்றாடப் பிழைப்பு. கோவைக்கு யோசனை சொல்ல வந்தவர் கோவையில் என்ன மொழியில் நிரல் எழுதுகிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

வாடிக்கையாளர் தந்த நிரல் எங்கே போகிறது என்ற கேள்வியும் அவர் கட்டுரையில் இல்லை. கர்சரில் பிரைவசி மோடு உண்டு. அதைப் போட்டால் நிரலைப் பயிற்சிக்கு எடுக்கமாட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு கோரிக்கையும் அவர்களுடைய சர்வர் வழியாகத்தான் போகும். வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறதா என்று கேட்காமல் எடிட்டரை மாற்றுகிற சிறு நிறுவனம், ஒரே வழக்கில் மூடப்படலாம்.

இப்போது அந்த மூன்றாவது காரணம். பிஎஸ்ஜி, ஜிசிடி, சிஐடி, பெருந்துறை கொங்கு எனக் கல்லூரிகள் நிறைந்த மண்டலம் இது. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் குடும்பங்களிலிருந்தும் கோபி, தாராபுரம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் முதல் தலைமுறையாகப் படித்து வரும் பிள்ளைகளுக்கு மென்பொருள் வேலை வீட்டையே தூக்கி நிறுத்தும் வேலை. அவர்களுக்குக் கதவைச் சாத்தச் சொல்கிறவர் ஒன்றை மறந்துவிட்டார். ஏஐ எழுதியதில் தவறு எங்கே என்று இன்று கண்டுபிடிக்கும் ஒவ்வொரு மூத்த பொறியாளரும், ஒரு காலத்தில் பக் தேடித் தேடிக் கற்ற புதியவர்தான். அந்தப் படியை உடைத்துவிட்டால் ஐந்து ஆண்டு கழித்துச் சரிபார்க்க யார் இருப்பார்கள்? சரிபார்ப்பு ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2025 ஜூலையில் ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவோர், எந்த மாற்றமும் செய்யாதே என்று சொல்லியிருந்தும், ரெப்ளிட் என்ற நிரலாக்கத் தளத்தின் ஏஐ, பயன்பாட்டில் இருந்த அவருடைய தரவுத்தளத்தை அழித்தது. ரெப்ளிட் தலைவர் மன்னிப்புக் கேட்டார். கருவி தவறு செய்தாலும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல மனிதர்தான் வேண்டும்.

ஏஐ வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. நல்ல கையில் அது நல்ல கருவி. மில்லுக்குப் புது இயந்திரம் வாங்குகிறவர் தன் பஞ்சைப் போட்டு ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டமாட்டார். அதே நிதானம் இதற்கும் வேண்டும். உங்கள் பழைய நிரலில், உங்கள் உண்மையான பக்குகளில் இரண்டு மூன்று கருவிகளைச் சோதியுங்கள். எழுதிய நேரத்தோடு சரிபார்த்த நேரத்தையும், திரும்பி வந்த பிழைகளைத் திருத்திய நேரத்தையும் கூட்டுங்கள். கிட்ஹப் கோபைலட் என்ற ஏஐ கருவி விஎஸ் கோடுக்குள்ளேயே இயங்கும். 2024 டிசம்பர் முதல் அதற்கு வரம்புள்ள இலவசத் திட்டமும் உண்டு. நிரல் வெளியே போகக்கூடாது என்றால் ஒல்லாமா என்ற மென்பொருள் மூலம் குவென் கோடர் போன்ற ஏஐ மாடல்களை அலுவலகக் கணினியிலேயே ஓட்டலாம். திறன் குறையும், ரகசியம் காக்கப்படும். எந்தக் கருவியை எடுத்தாலும் மாதச் செலவுக்கு உச்சவரம்பு வையுங்கள். நாளை விட்டு விலக வழி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஆலோசகர் தன் யோசனையில் உறுதியாக இருந்தால், எந்த நிறுவனத்தின் எந்தப் பழைய நிரலில் இரட்டிப்பு வேகத்தை அளந்தார் என்று சொல்லட்டும். அப்படி அளக்கவே இல்லையென்றால், புதியவர்களை எடுக்காதீர்கள் என்று எழுதியதை வெளிப்படையாகத் திரும்பப் பெறட்டும். பிள்ளைகளின் வேலை அவருடைய ஊகத்துக்குப் பணயம் அல்ல.