டாப் ஸ்டேஷனில் ஒரு ஸ்டீம்பங்க்

போடியிலிருந்து குரங்கணி போகிறவர்கள் மாந்தோப்பைப் பார்ப்பார்கள், கொட்டகுடி ஆற்றைப் பார்ப்பார்கள், தலைக்கு மேலே தெரியும் டாப் ஸ்டேஷனை அண்ணாந்து பார்ப்பார்கள். மலை உச்சியில் எதற்கு 'ஸ்டேஷன்' என்று கேட்பவர்கள் குறைவு!

அதைச் சொல்லும் முன் ஸ்டீம்பங்க் பற்றி இரண்டு வார்த்தை. பெட்ரோலும் மின்சாரமும் ஜெயிக்காமல் நீராவியே உலகத்தை ஆண்டிருந்தால்? நீராவிக் கப்பல் வானத்தில் பறக்கும், பித்தளைப் பற்சக்கரங்களால் கம்ப்யூட்டர் ஓடும். இப்படிப்பட்ட கதைகளுக்கு 1987ல் கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் பாதி விளையாட்டாக வைத்த பெயர்தான் ஸ்டீம்பங்க். 1990ல் வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து எழுதிய 'தி டிஃபரன்ஸ் எஞ்சின்' நாவல், சார்லஸ் பாபேஜின் கணக்கு இயந்திரம் வெற்றி பெற்ற ஒரு லண்டனைக் காட்டியது.

பிறகு அது புத்தகத்தோடு நிற்கவில்லை. உயரத் தொப்பி, பித்தளை விளிம்பு வைத்த பெரிய கண்ணாடி, சங்கிலி போட்ட கடிகாரம் என்று மாட்டிக்கொண்டு மேல்நாடுகளில் கூட்டம் கூடுகிறார்கள். கீபோர்டுக்குக்கூடப் பித்தளைச் சட்டம் அடிக்கிறார்கள். இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. எந்தச் சக்கரம் எதைச் சுற்றுகிறது என்று கண்ணால் பார்க்கலாம், கழற்றலாம், மாட்டலாம். செல்போனைத் திறந்து பார்த்து யாருக்கு என்ன புரிகிறது?

சரி, இதெல்லாம் லண்டன் பனிமூட்டத்தில்தான் நடக்க வேண்டுமா?

1902ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை கொண்டுவர ஒரு மோனோரயில் போட்டார்கள். ஒற்றைத் தண்டவாளம். வண்டியின் பாரம் அதன் மேல், சாயாமல் இருக்க இன்னொரு சக்கரம் தரையில். இழுத்தது மாடு! 1908ல் அதை எடுத்துவிட்டு நீராவி எஞ்சின் ஓடும் சின்ன ரயில் பாதை போட்டார்கள். டாப் ஸ்டேஷனில் இறங்கிய தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி. 1924 ஜூலை வெள்ளம் மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது. போடி ஊருக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது 1928ல்தான். அதாவது தேயிலைக்கு ரயில் வந்து இருபது வருடம் கழித்துத்தான் ஊருக்கு ரயில் வந்தது.

இதைவிட நல்ல ஸ்டீம்பங்க் களம் எந்த நாவலாசிரியருக்குக் கிடைக்கும்? ஆனால் இங்கேதான் ஸ்டீம்பங்க்கின் கோளாறும் தெரிகிறது. பெரும்பாலான கதைகளில் இயந்திரத்தை ஓட்டுகிறவர் கனவான், ரசிப்பவர் சீமாட்டி. நிலக்கரி அள்ளியவன், தண்டவாளம் சுமந்தவன், தேயிலை கிள்ளியவள் கண்ணில் படுவதில்லை. கணக்குப் புத்தகத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. வரவுப் பக்கத்தை மட்டும் வாசித்தால் எல்லா வியாபாரமும் லாபம்தான். தேயிலைப் பெட்டிக்குக் கம்பி இருந்தது. கீழேயிருந்து வேலைக்கு ஏறிய கூலி ஆட்களுக்கு இருந்தது கால் மட்டும்தான்.

"கதைதானே, அதில் எதற்குக் கணக்கு?" என்று கேட்கலாம். ஆனால் இந்த வகைக் கதைகளின் தாத்தாவான ஜூல்ஸ் வெர்ன் அந்தக் கணக்கைப் பார்த்தவர். நாட்டிலஸ் நீர்மூழ்கியின் கேப்டன் நெமோ யார்? புந்தேல்கண்ட் இளவரசர், 1857ல் ஆங்கிலேயரை எதிர்த்தவர் என்று 'மர்மத் தீவு' நாவலில் சொல்லிவிட்டார். 2003ல் வந்த ஹாலிவுட் படத்தில் நஸீருத்தீன் ஷா அந்த வேடத்தில் நடித்தார். அடிமை நாட்டுக்காரன் கையில் இயந்திரம் என்பதுதான் அந்தக் கதையின் சுவையே. பின்னால் வந்தவர்கள் நாட்டிலஸின் இரும்பை எடுத்துக்கொண்டு நெமோவின் கோபத்தை விட்டுவிட்டார்கள். 2015ல் தென்கிழக்கு ஆசிய எழுத்தாளர்கள் தங்கள் மண்ணை வைத்து ஒரு ஸ்டீம்பங்க் தொகுப்பே கொண்டுவந்தார்கள். தமிழில் ஏன் முடியாது?

களம் பழசாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. இன்று போடியில் ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டரில் நடக்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் விலை ஏறி இறங்குகிறது. ஆனால் அந்தக் காயை, செடியின் அடியில் குனிந்து உட்கார்ந்து, பழுத்தது பார்த்துக் கையால்தான் பறிக்க வேண்டும். அதற்காக விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறுகிறார்கள் பெண்கள். நூறு வருடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு காலங்கள் ஒரே மலையில்!

1924 வெள்ளம் வராமல் இருந்திருந்தால்? அந்த ரோப்வே பெட்டியோடு ஆட்களையும் ஏற்றியிருந்தால்? அதன் விசை கொட்டகுடிக்காரி ஒருத்தியின் கையில் இருந்திருந்தால்? அப்படி ஒரு கதை வரட்டும். அதில் பித்தளைக் கண்ணாடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.