ஜாதகம் பார்த்து வாங்கு!

அமெரிக்காவில், டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் வருஷா வருஷம் ஆகஸ்டில் பழைய கார்கள் ஊர்வலம் போகும். 1995-ல் ஆரம்பித்த திருவிழா. வேடிக்கை பார்க்கப் போய் ஒரு சண்டையில் மாட்டிக்கொண்டேன்.

ஓரமாக ஒரு 1964 போன்டியாக். நெற்றியில் 'ஜி.டி.ஓ.' எழுத்து. வாங்க வந்த பையன் கையில் செக் புத்தகம், கண்ணில் காதல்.

"ஒரிஜினல்தான் தம்பி! பானட்டுல ரெண்டு மூக்கு இருக்கு பார்!" என்றார் தொப்பிக்காரர்.

"மூக்கை யார் வேணா ஒட்டலாம். இன்ஜின் 389 கன அங்குலமான்னு பாருங்க ஸார்!" இது தாடிக்காரர்.

"இன்ஜினையும் மாத்தலாமே?" என்றேன், சும்மா இருக்காமல். இருவரும் முறைத்தார்கள்.

"அப்ப சேஸிஸ் நம்பர்?" என்றான் பையன்.

அங்கேதான் வில்லங்கம். 1964, 65-ல் ஜி.டி.ஓ. தனி மாடல் இல்லை. லெமான்ஸ் காருக்கு மேலே சுமார் 295 டாலர் கொடுத்தால் கிடைத்த சமாசாரம். நம்பரில் அது ஏறவே இல்லை. 1966-ல் தனி மாடலான பிறகுதான் நம்பர் 242 என்று ஆரம்பித்தது. ஆக, சாதா லெமான்ஸ் வேஷம் கட்டினால் நம்பர் காட்டிக்கொடுக்காது. நிஜத்துக்கு ஒரு விலை, வேஷத்துக்கு வேறு விலை!

பின்னாலிருந்து ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "ஃபாக்டரி பில் எங்கேப்பா?"

போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்று ஓர் இடம். பணம் கட்டி நம்பரை அனுப்பினால், அந்தக் கார் என்னவாகப் பிறந்தது என்று பழைய பில்லின் நகலே வந்துவிடும்.

விற்பவர் அவசரமாக வானத்தைப் பார்த்தார். பையன் செக் புத்தகத்தை மூடினான்.

காதல் இருக்கட்டும் தம்பி. ஜாதகம் வரட்டும், அப்புறம் தாலி கட்டு!