சாவி கொடுத்த அன்னைக்கு இல்ல, அஞ்சு வருஷம் கழிச்சுப் போய் பாருங்க

தோழர்களே,

அடுக்குமாடி வீட்டுக்குச் சாவி கொடுக்குற போட்டோ வந்ததும் ஷேர் பண்றோம். இடப்பக்கம் பழைய குடிசை, வலப்பக்கம் புது பில்டிங், கீழே "சாதனை"ன்னு ஒரு வரி. தப்பில்ல. ஆனா அந்தப் போட்டோவுல தெரியாத நாலு விஷயம் இருக்கு: வேலை, பஸ், தண்ணி, லிஃப்ட்.

1970-ல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கியது. குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டுவதுதான் ஆரம்ப கால வழி. 2000-லிருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு ஊருக்கு வெளியே கொண்டு போனாங்க. ஆட்சி மாறுச்சு, வழி மாறல. பெரும்பாக்கத்துல மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை மக்களை அங்கே குடியேற்றினாங்க. அது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டின தாழ்வான பகுதி!

கணக்கு போட்டுப் பாருங்க. நடந்து போய் நாலு வீட்டுல வேலை பார்த்த அக்காவுக்கு இப்ப போக வர பஸ்லயே பாதி நாள் போகுது. வேலை போச்சுன்னா எட்டாவது மாடி வீட்டுக்குப் பராமரிப்புக் கட்டணம் எங்கிருந்து வரும்? லிஃப்ட் நின்னா வயசான அப்பத்தா எப்படி இறங்கும்? கண்ணகி நகர்னு முகவரி சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்குறாங்கன்னு அந்த ஊர்ப் பிள்ளைங்க பல வருஷமா சொல்றாங்க. அதே ஊர்ப் பொண்ணு கார்த்திகாதான் 2025-ல் பஹ்ரைன்ல ஆசிய இளையோர் கபடித் தங்கம் வென்ற அணியில ஆடினாங்க. குறை மக்கள்கிட்ட இல்ல.

இருந்த இடத்திலேயே கட்டினா மட்டும் போதுமா? புளியந்தோப்பு கே.பி. பார்க்ல அப்படித்தான் கட்டினாங்க. 2021-ல் சுவர்ப் பூச்சு கையோட உதிர்ந்ததை எல்லாரும் டிவியில பார்த்தோம். இடமும் வேணும், தரமும் வேணும்.

"சென்னைக் கதை பாலவனத்தத்துக்கு எதுக்கு தம்பி?"ன்னு கேப்பீங்க. நம்ம கரிசக்காட்டு ஆளுகளுக்குத்தான் இது சட்டுனு புரியும். கண்மாய்க் கரையை ஒசத்திக் கட்டி, பெயிண்ட் அடிச்சு, போர்டு வச்சாச்சு. வரத்துக்கால் அடைஞ்சு கிடந்தா தண்ணி எங்கிருந்து வரும்? வீடு கண்மாய்னா, வேலையும் பஸ்ஸும் பள்ளிக்கூடமும்தான் வரத்துக்கால். நாளைக்கு அருப்புக்கோட்டையிலயோ விருதுநகர்லயோ குடியிருப்பு கட்டினாலும் இதே கேள்விதான்.

அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை போட்டோ ஷேர் பண்றதுக்கு முன்னாடி, அஞ்சு வருஷம் முன்னாடி திறந்த ஒரு குடியிருப்புக்குப் போங்க. அங்க இருக்குற அக்காமார்கிட்ட கேளுங்க: வேலைக்குப் போக எவ்வளவு நேரம்? தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்க? லிஃப்ட் ஓடுதா? பிள்ளை பள்ளிக்கூடம் போகுதா?

பதில் நல்லா இருந்தா நெஞ்சை நிமிர்த்திப் பதிவு போடுங்க. மோசமா இருந்தா, கட்டினது யார் ஆட்சியா இருந்தாலும், நம்ம ஆட்சியாவே இருந்தாலும், நம்ம கவுன்சிலர்கிட்டயும் எம்.எல்.ஏ.கிட்டயும் எழுதிக் கொடுங்க. கட்சிக்காரன் கேட்டாத்தான் கட்சி கேட்கும்.

- தகவல் தொழில்நுட்ப அணி, பாலவனத்தம்