வெள்ளவத்தை மாணவிக்கு எந்த மாவட்டம்?

கிளிநொச்சியில் சாதாரண தரம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்த என் மருமகள், பாடசாலை வேண்டாம், வீட்டிலிருந்தே உயர்தரம் எடுக்கிறேன் என்கிறாள். காலி வீதி முழுக்க ரியூசன்தானே!

பாட ஒழுங்கு பெரிய சிக்கலில்லை. பௌதிகவியலும் இரசாயனவியலும் இரு விஞ்ஞானப் பிரிவுகளுக்கும் பொது. மருத்துவம் என்றால் உயிரியல், பொறியியல் என்றால் இணைந்த கணிதம். எதுவானாலும் விசை, இயக்கம், மூல் கணக்கு இவற்றை முதலில் உறுதியாக்கட்டும். நியமிப்பைக் குசினியில் செய்துபார்க்க இயலாது. அது ஒரு குறை.

எனக்குப் பயம் வேறு. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. 1970களின் தரப்படுத்தலில் அடிபட்ட எங்கள் சமூகத்துக்கு, வன்னியைப் பொறுத்தவரை இந்த ஒதுக்கீடு ஒரு பிடிகொம்பு. ஆனால் மாவட்டத்தைத் தீர்மானிப்பதில் படித்த பாடசாலைக்கே பெரிய பங்கு. கொழும்புக் கணக்கில் விழுந்தால் வெட்டுப்புள்ளி எட்டாத உயரம்.

அம்மம்மாவோடு ஊரில் விடு என்றேன். 2009க்குப் பிறகு பிள்ளையைப் பிரிந்திருக்கமாட்டேன் என்கிறாள் தங்கை. அதற்கு என்னிடம் பதிலில்லை. மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாங்கி வைத்திருக்கிறேன். ரியூசனுக்குக் காசு கட்டமுன் மூவரும் இருந்து வாசிக்கவேண்டும்.