பழைய காருன்னா அப்படித்தான்!

உங்கள் வீட்டுப் பழைய அம்பாசிடரில் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மூக்கு அதற்குப் பழகிவிடும். வெளியூரிலிருந்து வந்து ஏறுகிற சம்பந்தியைக் கேளுங்கள், அவர் சொல்வார்.

கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பெரிய வீடுகளின் கார் கொட்டகைகளை எட்டிப் பாருங்கள். அம்பாசிடர், ஃபியட், யோகமிருந்தால் ஒரு மோரிஸ். முதலாளி சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். கல்யாணம், சாந்தி, படைப்பு என்றால் வண்டி வெளியே வரும். மற்ற பதினொரு மாசமும் போர்வைக்குள் தூக்கம். பின் சீட்டில் ஆச்சி மூக்கைச் சுளித்தால் டிரைவரிடம் பதில் ரெடி: “பழைய காருன்னா அப்படித்தான் ஆச்சி!” அடுத்த முறை டாஷ்போர்டில் ஒரு மல்லிகை சென்ட் பாட்டில் முளைத்திருக்கும்.

அப்படித்தான் எல்லாம் இல்லை சார். புதிதாக வந்தபோது அந்தக் காருக்குள் உட்கார முடியாத அளவுக்கு வாடை வந்ததா? வரவில்லை. வயசானால் பெட்ரோலுக்கு வாடை கூடாது. எங்கோ ஒழுகுகிறது, அவ்வளவுதான். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலையாமல் கொட்டகைத் தரையில் தேங்கி நிற்கும். காற்றில் ஒன்றரை சதவிகிதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். அந்த இடத்தில் பீடி பற்றவைக்கிற ஆள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

கண்டுபிடிப்பது மந்திர வித்தை இல்லை. வாடை எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள். டாங்க்கை நிரப்பிய அன்று, வளைவில் திரும்பும்போது வந்தால் டாங்க்கின் மேல்பக்கத்தைச் சந்தேகப்படுங்கள். மூடி, ஊற்றுகிற வாயிலிருந்து டாங்க்குக்குப் போகும் ரப்பர் குழாய், பெட்ரோல் முள்ளுக்கான மிதவையின் கேஸ்கெட். ஓட்டி நிறுத்திய பிறகு வந்தால் கார்புரேட்டர். மிதவை ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் வழிகிறது. ராத்திரி முழுக்க நின்று காலையில் வந்தால் சொட்டு. அடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள். ஒழுகிக் காய்ந்த இடத்தில் பழுப்புக் கறை படிந்திருக்கும். ஆயில் குச்சியை உருவி முகர்ந்தும் பாருங்கள். அதில் பெட்ரோல் வாடை இருந்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால், பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் என்ஜினுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். அந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. தேடுகிற வேலையெல்லாம் வெட்டவெளியில், என்ஜின் ஆறிய பிறகு, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டார்ச் வெளிச்சத்தில். தீக்குச்சி உரசிப் பார்க்கிற மெக்கானிக்கை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, முப்பது வருஷம் ஒழுகாத குழாய் இப்போது ஏன் ஒழுகுகிறது? வயசு ஒரு காரணம். பெட்ரோல் மாறியது இன்னொன்று. அதை உங்களிடம் யாரும் உரக்கச் சொல்லவில்லை. 2003-ல் தமிழ்நாடு உட்பட 9 மாநிலங்களில் 5 சதவிகித எத்தனால் கலப்பு தொடங்கியது. 2022-ல் 10. 2025-ல் 20. கரும்பு விவசாயிக்குக் காசு வருவதில் எனக்கு வயிற்றெரிச்சல் கிடையாது. ஆனால், அந்தக் காலத்து ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதில்லை. எத்தனாலில் ஊறி உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். டாங்க்கில் பல வருஷமாகப் படிந்த அழுக்கையும் எத்தனால் கரைத்துக் கிளப்பும். அது போய் மிதவை ஊசியின் வாயில் உட்கார்ந்தால் கார்புரேட்டர் வழியும். காற்றிலிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சும். பதினொரு மாசம் நிற்கிற வண்டியில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி டாங்க்கைத் துருப்பிடிக்க வைக்கும். இத்தனைக்கும் துருவைப் பற்றி ஆராய்கிற சிக்ரி இருப்பதே காரைக்குடியில்தான். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வரவழைத்த நிறுவனம்.

மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்ட்டில் ஒரு விளக்கம் தந்தது. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம், செலவு குறைவு என்று. கொட்டகை அம்பாசிடர் வருஷத்துக்கு 300 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். அந்தக் கணக்குப்படி அது 20,000-ஐத் தொட 66 வருஷம் ஆகும்! நிற்கிற வண்டியில்தான் ரப்பர் சீக்கிரம் கெடும் என்பது மெக்கானிக் ஷாப் பையனுக்குத் தெரியும். டெல்லிக்குத் தெரியவில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, பழைய வண்டிகளுக்காக 10 சதவிகிதப் பெட்ரோல் நாடெங்கும் கிடைக்க வேண்டும் என்றது. அதே 2021-ல் 50 வயசு தாண்டிய வண்டிகளைப் பாரம்பரிய வாகனமாகப் பதிவு செய்ய விதி போட்டார்கள். கட்டணம் 20,000 ரூபாய். பாடி, சேஸிஸ், என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்று நிபந்தனை வேறு. ஆக, வண்டி பழசாகவே இருக்க வேண்டும், பெட்ரோல் மட்டும் புதுசு. எத்தனால் கலக்காத பெட்ரோலும் விற்கவேண்டும், பம்ப்பில் எவ்வளவு கலப்பு என்று எழுதவேண்டும் என்று கேட்ட மனுவை 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

எல்லா பங்க்கிலும் கேட்கவில்லை. தாலுகாவுக்கு ஒரே ஒரு பம்ப்பில் 10 சதவிகிதப் பெட்ரோல் வையுங்கள், அதன்மேல் தமிழில் எழுதியும் வையுங்கள் என்கிறேன். நிதி ஆயோக் சொன்னதில் பாதிகூட இல்லை இது.

அது வருகிறவரை கொட்டகைக்காரர்கள் சும்மா இருக்க வேண்டாம். டாங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை இருக்கிற எல்லா ரப்பர் குழாயையும், கிளிப்போடு சேர்த்து மாற்றுங்கள். கடையில் எத்தனால் தாங்குகிற குழாய் என்று கேட்டு வாங்குங்கள். பம்ப் டயாஃப்ரத்தையும் மிதவை ஊசியையும் கூடவே பார்த்துவிடுங்கள். பித்தளை ஹார்னுக்குப் பாலிஷ் போட ஆகிற செலவைவிடக் கொஞ்சம்தான் கூட வரும். விசேஷம் முடிந்து மூடி வைப்பதற்கு முன் டாங்க்கைக் காலி செய்யச் சொல்லுங்கள். அப்புறமும் டிரைவர் “அப்படித்தான் ஆச்சி” என்றால், சாவியை வாங்கிக்கொண்டு பொண்ணு மாப்பிள்ளையை வாடகைக் காரில் அனுப்பி வையுங்கள்.