கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்ட கேள்விகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வாழைக்காய் பஜ்ஜித் தட்டோடு கூடத்துக்கு வந்தால், பிள்ளைகள் இருவரும் டி.வி. முன்னால் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தால் கறுப்பு வெள்ளைப் படம்! கோட்டும் சூட்டுமாக ஆண்கள், கல்யாண வரவேற்புக்குக் கிளம்பின மாதிரி அலங்காரத்தோடு பெண்கள், நாலு பேர் கண்ணிலும் துணிக்கட்டு.

"என்னடா இது, கண்ணாமூச்சி ஆட்டமா?" என்றேன்.

"கிட்டத்தட்ட அதேதாம்மா, உட்காரு" என்றான் பெரியவன்.

நான் பத்தாங்கிளாஸோடு நின்றவள். அந்த வேக இங்கிலீஷ் எனக்குப் பிடிபடாது. சின்னவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அரை மணி நேரத்தில் நானும் அந்த ஆட்டத்துக்கு அடிமையாகிவிட்டேன் என்றால் பாருங்களேன்!

அமெரிக்காவில் 1950 முதல் 1967 வரை நடந்த நிகழ்ச்சி அது. பெயர் 'வாட்ஸ் மை லைன்?' அதாவது 'என் தொழில் என்ன?' யாரோ ஒருவர் வந்து கரும்பலகையில் தன் பெயரை எழுதிவிட்டு உட்காருவார். நாலு பேர் கேள்வி கேட்டு அவருடைய தொழிலைக் கண்டுபிடிக்க வேண்டும். பதில் 'ஆமாம்', 'இல்லை' இரண்டில் ஒன்றுதான். ஒவ்வொரு 'இல்லை'க்கும் வந்தவருக்கு 5 டாலர். பத்து 'இல்லை' வந்துவிட்டால் 50 டாலரோடு அவர் ஜெயித்தவர். இவ்வளவுதான் பரிசு. இந்தக் காலம் மாதிரி கோடி ரூபாய் எல்லாம் இல்லை.

ஒவ்வொரு வாரமும் ஒரு பெரிய மனிதரும் வருவார். அவர் வரும்போது மட்டும் நாலு பேரும் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று வந்தவர் கீச்சுக் குரலில் பேசுவதும் தொண்டையை மாற்றிப் பேசுவதுமாக ஒரே கூத்து!

யார் யாரெல்லாம் வந்திருக்கிறார்கள் தெரியுமா? சினிமா நட்சத்திரங்கள் வருவதில் ஆச்சரியம் இல்லை. 1953-ல் எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார் வந்திருக்கிறார்! பன்னிரண்டு வருஷம் வெள்ளை மாளிகையில் குடும்பம் நடத்தியவர். 1948-ல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தை எழுதிய குழுவுக்குத் தலைவர். அப்படிப்பட்டவர் ஒரு விளையாட்டு நிகழ்ச்சியில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நம் ஊரில் கொஞ்சம் பதவி வந்தால் நாற்காலியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார்களே, அவர்கள் பார்க்க வேண்டும்.

1957-ல் வந்தவர் ஓவியர் சால்வடார் டாலி. முறுக்கின மீசைக்காரர். நடிப்போடு சம்பந்தமா? ஆமாம். எழுத்தாளரா? ஆமாம். விளையாட்டா? அதற்கும் ஆமாம்! எதைக் கேட்டாலும் அவர் 'ஆமாம்' என்று சொல்ல, நிகழ்ச்சியை நடத்திய ஜான் டேலி நடுவே புகுந்து திருத்தவேண்டியதாகிவிட்டது. என் சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் என் மனதில் நின்றவர்கள் வேறு சிலர். 1963-ல் வெள்ளைக் கோட்டும் குறுந்தாடியுமாக ஒரு பெரியவர் வந்தார். நாலு பேரும் கண்ணைக் கட்டிக்கொள்ளவே இல்லை. ஏனென்றால் அந்த முகத்தைப் பார்த்தாலும் இன்னார் என்று தெரியாது! அவர்தான் கர்னல் சாண்டர்ஸ். இன்றைக்கு நம் ஊர்க் கடைவீதியில் கூட அந்த முகத்தைப் போட்டுக் கோழி வறுவல் விற்கிறார்கள். புதிய நெடுஞ்சாலை வேறு பக்கம் போய்விட்டதால் வியாபாரம் படுத்து, அறுபத்தைந்து வயதுக்கு மேல் பிரஷர் குக்கரையும் மசாலாப் பொடியையும் தூக்கிக்கொண்டு ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்கியவர் அவர். நம்மைப் போல அடுப்படியில் நின்ற மனுஷன்தான்!

ஜிம்மி கார்ட்டர் கதையும் அப்படியே. அந்த நிகழ்ச்சி பிறகு வேறு குழுவோடு மறுபடி வந்தபோது, 1973-ல் அவர் வந்திருக்கிறார். அப்போது ஜார்ஜியா மாநில கவர்னர். அவருக்கும் கண்கட்டு தேவைப்படவில்லை. 1977-ல் அவரே அமெரிக்க ஜனாதிபதி! எதிரே உட்கார்ந்திருந்தவருக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரிந்தது?

அதே காலத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி 'ஐவ் காட் எ சீக்ரெட்'. 'என்னிடம் ஒரு ரகசியம் இருக்கிறது' என்று அர்த்தம். 1956 பிப்ரவரியில் அதில் 95 வயதுத் தாத்தா ஒருவர் வந்தார். பெயர் சாமுவேல் சீமோர். கீழே விழுந்து கண் பக்கம் வீங்கியிருந்தது. அந்த நிலைமையிலும் வந்து உட்கார்ந்தார். அவருடைய ரகசியம் என்ன தெரியுமா? 1865-ல் ஆபிரகாம் லிங்கனை நாடகக் கொட்டகையில் சுட்டார்களே, ஐந்து வயதுக் குழந்தையாக அப்போது அங்கே உட்கார்ந்திருந்தாராம்! யாரையோ சுட்டார்கள் என்பது கூட அந்த வயதில் புரியவில்லையாம். மேலேயிருந்து ஒரு ஆள் கீழே விழுந்துவிட்டானே, அவனுக்கு அடிபட்டிருக்குமே என்றுதான் குழந்தை கவலைப்பட்டதாம். விழுந்தவன்தான் சுட்ட கொலைகாரன்!

இரண்டே மாதத்தில், ஏப்ரலில், அந்தத் தாத்தா காலமாகிவிட்டார்.

இதைப் பார்த்து முடித்ததும் கூடம் அமைதியாகிவிட்டது. அதுவரை மூலையில் நாற்காலியில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் மாமியார், "என்கிட்டயும் ஒரு ரகசியம் இருக்கு, கண்டுபிடிங்க பார்ப்போம்" என்றார்!

அத்தைக்கு 78 வயது. அதிகம் பேச மாட்டார். பிள்ளைகள் குதித்துக்கொண்டு அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எங்க வீட்டுக்காரரும் பேப்பரை மடித்து வைத்தார்.

"சமையல் விஷயமா பாட்டி?" இல்லை. "கல்யாணத்துக்கு முன்னாடியா?" ஆமா. "கையால செய்யறதா?"

"கையாலயும் காலாலயும்" என்றார் அத்தை. "ஆமா, இல்லைதான் சொல்லணும்!" என்று சின்னவள் கண்டித்தாள். பன்னிரண்டு கேள்வி கேட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: "எனக்கு சைக்கிள் விடத் தெரியும்."

களத்து மேட்டில் அண்ணனுடைய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுத் திருட்டுத்தனமாகப் பழகினாராம். பதின்மூன்று வயதில் ஒரு ராத்திரி அவருடைய அப்பாவைப் பாம்பு கடித்துவிட்டது. அண்ணன் ஊரில் இல்லை. இருட்டில் தனியாக மூன்று மைல் சைக்கிள் விட்டுப் போய் டாக்டரை அழைத்து வந்திருக்கிறார். அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் 'வயசுப் பெண் சைக்கிள் விட்டால் ஊர் என்ன பேசும்' என்று மறுவாரமே சைக்கிளை விற்றுவிட்டார்களாம். அப்புறம் தொடவே இல்லை.

எங்க வீட்டுக்காரர் வாயடைத்துப் போனார். "எனக்கே தெரியாதேம்மா, ஏன் சொல்லவே இல்லை?"

"நீ கேக்கவே இல்லையேப்பா" என்றார் அத்தை, வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டே.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த வீட்டுக்கு வந்து 24 வருஷம் ஆகிறது. தினமும் அத்தையிடம் கேள்வி கேட்கிறேன். மாத்திரை போட்டீங்களா? சாப்பிட்டீங்களா? வெந்நீர் வேணுமா? எல்லாம் ஆமாம், இல்லை என்று பதில் சொல்கிற கேள்விகள்தான். அதற்கு மேல் ஒன்று கேட்கத் தோன்றவில்லையே!

சகோதரிகளே, இந்த ஆட்டத்துக்குக் காசு வேண்டாம், சாமான் வேண்டாம். மின்சாரம் போன நேரத்திலும் ஆடலாம். ஒருவர் தன் ரகசியத்தை ஒரு சீட்டில் எழுதி மடித்து வைக்கட்டும். மற்றவர்கள் ஆளுக்கு மூன்று கேள்வி. மனம் நோகிற விஷயத்தை மட்டும் கிளற வேண்டாம். முதல் சீட்டை வீட்டுப் பெரியவர்களிடம் கொடுங்கள். எழுத முடியாதவர்கள் என்றால் பேரப் பிள்ளை காதில் சொல்லட்டும்.

இப்போது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டி.வி. போடுவதில்லை. போன வாரம் பெரியவன் தன் சைக்கிளை வாசலில் நிறுத்தி, "பாட்டி, சும்மா ஹாண்டிலைப் பிடிச்சுப் பாரேன்" என்றான். அத்தை பிடித்துக்கொண்டு மணியை இரண்டு தடவை அடித்துப் பார்த்தார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!